ஒன்பது அங்குலச் சுவரும் வைஃபையும்

வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருபவர், தெருக் கம்பத்திலிருந்து இழுத்துவந்த கறுப்புக் கம்பியைப் பெரும்பாலும் வாசல்பக்கச் சன்னல் வழியாகத்தான் உள்ளே கொண்டுவருகிறார். சன்னலுக்கு அருகில் ஒரு பிளக் பாயின்ட் இருந்துவிட்டால் அங்கேயே இரண்டு திருகாணி அடித்து ரவுட்டர் பெட்டியை மாட்டிவிடுவார். பக்கத்தில் நின்றபடி கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துக் காட்டுவார். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் 95 வரும். நாமும் திருப்தியாக அனுப்பிவைப்போம். மாலையில் பின்கட்டு அறையில் படிக்க உட்காரும் பிள்ளைக்குத்தான் சிக்கல் தெரியவரும். காணொலி வகுப்பு உறைந்து நிற்கும், ஆசிரியரின் குரல் துண்டு துண்டாக வரும். பிள்ளை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடும்.

இதற்கு நாம் வழக்கமாகச் செய்யும் வைத்தியம், 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுவது. மாதாமாதம் கூடுதல் பணம் போகும், பின்கட்டு அறையில் ஒன்றும் மாறாது. அங்கே இணைய நிறுவனம் தரும் வேகத்துக்குக் குறைவில்லை. பெட்டியிலிருந்து கிளம்பும் வானலை, நடுவிலிருக்கும் இரண்டு செங்கல் சுவர்களைத் தாண்டும்போது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்துவிடுகிறது. உலகின் மறுகோடியிலிருந்து கடலடிக் கம்பி வழியாகப் பல்லாயிரம் கிலோமீட்டர் பழுதில்லாமல் வந்த தகவல், வீட்டுக்குள் கடைசிப் பத்து மீட்டரில் தடுமாறுகிறது. இந்த அத்தியாயம் அந்தப் பத்து மீட்டரைப் பற்றியது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். வீட்டு ரவுட்டர் வெளியிடும் வானலையின் திறன் ஏறக்குறைய 100 மில்லிவாட். வானலைத் திறன் ஏறி இறங்குவதை டெசிபல் என்ற அலகில் அளக்கிறார்கள். 3 டெசிபல் இறங்கினால் திறன் பாதியாகிறது; 10 இறங்கினால் பத்தில் ஒன்று; 20 இறங்கினால் நூறில் ஒன்று; 30 இறங்கினால் ஆயிரத்தில் ஒன்று. ஒரு மில்லிவாட்டைச் சுழியாக வைத்து அளக்கும்போது அந்த அளவுக்கு டிபிஎம் என்று பெயர். ஆகவே ரவுட்டரிலிருந்து கிளம்பும்போது +20 டிபிஎம்.

தடையே இல்லாத திறந்தவெளியிலும் வானலை விரிந்து பரவுவதால் மெலிந்துகொண்டே போகும். தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் திறன் நான்கில் ஒரு பங்காகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை 10 மீட்டர் தூரம் போவதற்குள் 60 டெசிபலை இழந்துவிடும். அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மிச்சம். +20இல் கிளம்பியது –40 டிபிஎம் ஆகிறது. கேட்கப் பயமாக இருந்தாலும் இது மிக நல்ல அளவு. காணொலி உரையாடல் தங்குதடையின்றி நடக்க –67 டிபிஎம் இருந்தாலே போதும். கிளம்பிய திறனில் 50 கோடியில் ஒரு பங்கு அது. அவ்வளவு நுண்ணிய அலையைக் கைக்குள் அடங்கும் ஒரு கருவி பிரித்தறிகிறது என்பதை ஒரு நிமிடம் நின்று வியக்கலாம்.

ஆக, 10 மீட்டர் தொலைவில் நம் கையில் 27 டெசிபல் மிச்சம் இருக்கிறது. இந்த இருப்பிலிருந்துதான் சுவர்கள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொள்கின்றன. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் தொடக்கத்திலேயே ஏறக்குறைய 6 டெசிபல் கூடுதலாகப் போய்விடுவதால் இருப்பு 21தான்.

அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளின் உட்சுவர்கள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. அப்படி ஒரு சுவர் சுமார் 3 டெசிபல் எடுத்துக்கொள்ளும். நான்கு சுவரைக் கடந்தாலும் அலைக்கு உயிர் இருக்கும். நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இருபுறப் பூச்சோடு சேர்த்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் 6 முதல் 10 டெசிபல் வரை விழுங்கும். 5 கிகாஹெர்ட்ஸில் அதற்கும் மேலே சில டெசிபல். இரண்டு சுவர் குறுக்கே வந்தால் 5 கிகாஹெர்ட்ஸின் இருப்பு ஏறக்குறையக் காலி. கூடத்தை ஒட்டிய அறையில் நன்றாகக் கிடைக்கும் வைஃபை அடுத்த அறையில் திடீரென்று அறுந்துபோவதற்கு இந்தக் கழித்தல்தான் காரணம். ரவுட்டரின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் சதுர அடிக் கணக்கு நம் சுவர்களையும் சேர்த்துப் போட்டது என்று எண்ணி வாங்கக் கூடாது.

கான்கிரீட் தளம் இன்னும் கடினம். ஐந்து அங்குலத் தளம் 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 டெசிபலுக்கு மேலும், 5 கிகாஹெர்ட்ஸில் 15க்கு மேலும் எடுத்துக்கொள்ளும். உள்ளே கட்டியிருக்கும் இரும்புக் கம்பிதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். கம்பிக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு கான்கிரீட்டுடையது. உலோக வலை ஒன்று வானலையை முழுமையாகத் தடுக்க வேண்டுமானால் அதன் கண்கள் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். தளத்தில் கம்பிக்குக் கம்பி விடும் இடைவெளி அரை அடி அளவுக்கு இருப்பதால் அலையின் ஒரு பகுதி புகுந்துவிடுகிறது. மாறாக, பீமும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் பூச்சு வெடிக்காமலிருக்க அடிக்கிறார்களே கோழிவலை, அதன் கண்கள் மிகச் சிறியவை. அது அலையை நன்றாகவே மறித்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் பொடித்துளை போட்ட உலோகத் தகடு இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இரும்புப் பீரோ, குளிர்சாதனப்பெட்டி, ரசம் பூசிய ஆளுயரக் கண்ணாடி ஆகியவை அலையைத் திருப்பியடிக்கும். தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். மீன்தொட்டிக்குப் பின்னால் ரவுட்டரை வைப்பதும், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கும் அறையில் நல்ல வைஃபையை எதிர்பார்ப்பதும் வீண். இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்த வேண்டும். நீரின் மூலக்கூறு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொள்கிறது, அதனால்தான் மைக்ரோவேவ் அடுப்பு அந்த அலைவரிசையில் வேலை செய்கிறது என்று பாடப்புத்தகம்போல் சொல்லித் திரிகிறார்கள். அது உண்மையில்லை. நீர் மிகப் பரந்த வீச்சில் வானலையை உறிஞ்சும்; அறை வெப்பத்தில் அதன் உச்சம் 20 கிகாஹெர்ட்ஸ் அருகே இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது அடுப்புகளுக்கும் தொழிற்கூடக் கருவிகளுக்கும் என்று ஒதுக்கப்பட்ட அலைவரிசை, அவ்வளவுதான். அந்த ஒதுக்கீட்டில் உரிமம் இல்லாமல் தகவல்தொடர்பும் நடத்தலாம் என்று 1985இல் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம் அனுமதித்தது. அந்த முடிவிலிருந்துதான் வைஃபை பிறந்தது. 1997இல் அதன் முதல் தரநிர்ணயம் வெளிவந்தபோது வேகம் வெறும் 2 எம்பிபிஎஸ். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரிம விலக்கு 2005இல் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் அகலமான இடம் திறந்துவிடப்பட்டது 2018இல்.

சுவர் தின்றுவிடும் திறன் ஒரு பக்கம். சுவரும் பீரோவும் தரையும் திருப்பியடிக்கும் அலைகள் இன்னொரு பக்கம். ரவுட்டரிலிருந்து கிளம்பும் ஒரே அலை நேராக ஒருமுறையும், பீரோவில் பட்டு ஒருமுறையும், கூரையில் பட்டு ஒருமுறையும் கைப்பேசியை வந்தடைகிறது. பத்து மீட்டர் சுற்றி வந்த அலை 33 நானோநொடி தாமதமாக வரும். வேகம் கூடக்கூட ஒவ்வொரு தகவல் துடிப்பும் குறுகிக்கொண்டே போவதால், இப்படித் தாமதித்து வரும் முந்தைய துடிப்பு அடுத்ததன்மேல் விழுந்து இரண்டையும் கெடுக்கும். கட்டடத்துக்குள் வேகமான வானலைத் தொடர்பு சாத்தியமே இல்லையோ என்று ஒரு காலத்தில் ஐயப்படவைத்த சிக்கல் இது.

இதற்கு வழிசொன்னவர்களில் ஒருவர் வானொலி வானியலாளர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் ஓ'சல்லிவன் 1970களின் பிற்பகுதியில், வெடித்துச் சிதறும் நுண் கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய வானலைத் துடிப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட வெடிப்பு நடக்கும் என்பது ஸ்டீபன் ஹாக்கிங்கின் கணிப்பு. விண்வெளியைக் கடந்து வருவதற்குள் கலைந்துபோகும் துடிப்பை மீண்டும் கூராக்குவதற்கான கணிதத்தில் அவர் ஊறியிருந்தார். கருந்துளை வெடிப்பு எதுவும் அகப்படவில்லை. ஆனால் 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் அவரும் அவருடைய குழுவினரும் அதே கணிதத்தை அறைக்குள் மோதித் திரும்பும் அலைகளின்மேல் பிரயோகித்தார்கள். தகவலை ஒரே அலையில் விரட்டாமல் பல மெல்லிய துணை அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெதுவாக அனுப்புவது அதன் சாரம். 1999இல் வந்த 802.11ஏ என்ற வைஃபை தரத்தில் 52 துணை அலைகள். ஒவ்வொரு துடிப்பும் 4 மைக்ரோநொடி நீளம், அதில் 0.8 மைக்ரோநொடி, பிந்தி வரும் அலைகள் அடங்குவதற்காகவே விடப்பட்ட இடைவெளி. அந்த நேரத்தில் ஒளி 240 மீட்டர் போய்விடும் என்றால், ஒரு வீட்டுக்குள் சுற்றிவரும் அலைகளுக்கு அது தாராளம். துணை அலைகளாகப் பிரிக்கும் முறைக்கு வேறு பல ஆய்வாளர்களும் முன்பே அடித்தளம் இட்டிருந்தார்கள். இருந்தாலும் 1996இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை வழியாக அந்த நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த தொகை 43 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

இரண்டாவது பாய்ச்சலைக் கொடுத்தவர் நம் பொள்ளாச்சியில் பிறந்தவர். ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944இல் பிறந்து, இளம் வயதிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்து, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் ஒலியுணர் கருவியான ‘அப்சோ’வை உருவாக்கிய அதிகாரி. ஓய்வுக்குப் பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்றார். பல வழிகளில் வந்து சேரும் அலைகளைத் தொல்லையாகவே மற்றவர்கள் பார்த்துவந்த காலத்தில், அவை ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் வருவதே ஒரு வாய்ப்பு என்று அவர் கண்டார். இரு முனைகளிலும் பல ஆண்டெனாக்களை வைத்தால் ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் அலைகளின் கலவை சற்று மாறி வந்து சேரும். அந்த வேறுபாட்டைச் சமன்பாடுகளாக எழுதித் தீர்த்தால், ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் அனுப்பிய இரண்டு மூன்று தகவல் ஓடைகளைத் தனித்தனியே பிரித்தெடுத்துவிடலாம். தாமஸ் கைலத்துடன் சேர்ந்து 1992இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1994இல் கிடைத்தது. மைமோ என்று இன்று அழைக்கப்படும் இந்த நுட்பம் 2009இல் 802.11என் தரத்தின் வழியாக வைஃபைக்குள் முறையாக வந்தது. 4ஜி, 5ஜி இரண்டிலும் உயிர்நாடியாக இருக்கிறது. 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு அளிக்கப்பட்டது. நம் வீட்டு ரவுட்டரில் நான்கு கொம்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பொள்ளாச்சிக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் விரிவாக இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

மோதித் திரும்பும் அலைகளால் நடைமுறையில் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் அவை அறைக்குள் மேடு பள்ளங்களை உண்டாக்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் சுமார் 6 சென்டிமீட்டர்தான். அதனால் ரவுட்டரை ஒரு சாண் நகர்த்தினாலே ஒரு மூலையில் சிக்னல் ஏறலாம், இன்னொரு மூலையில் இறங்கலாம். ஓர் அறையில் ஒரே இடத்தில் நின்று அளந்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். கட்டில், மேசை, சன்னலோரம் என்று நான்கைந்து இடங்களில் அளந்து பாருங்கள்.

அளப்பதற்குக் கோடுகளை நம்பாதீர்கள். கைப்பேசியின் மேல்மூலையில் தெரியும் அந்த மூன்று நான்கு கோடுகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. ஆண்ட்ராய்டில் டிபிஎம் எண்ணைக் காட்டும் இலவசச் செயலிகள் நிறைய உண்டு. –50 என்றால் மிக நன்று. –67 வரை கவலை இல்லை. –75ஐத் தாண்டினால் காணொலி தடுமாறத் தொடங்கும். –80க்குக் கீழே இணைப்பு பெயரளவுக்குத்தான். அதற்கும் முன்னால் ஒருமுறை மடிக்கணினியை ரவுட்டரோடு கம்பியில் இணைத்து வேகத்தைப் பாருங்கள். கம்பியிலேயே வேகம் குறைந்திருந்தால் பிரச்சினை வீட்டுக்கு வெளியே. நிறுவனத்திடம் கேட்க வேண்டியதுதான். கம்பியில் முழு வேகம் வந்தால் இனிச் செய்ய வேண்டியதெல்லாம் வீட்டுக்குள்ளே.

கோடுகள் மறைக்கும் இன்னொரு உண்மையும் இருக்கிறது. அவை காட்டுவது ரவுட்டரிலிருந்து கைப்பேசிக்கு வந்து சேரும் திறனை மட்டுமே. கைப்பேசி பதில் அனுப்பினால்தான் இணைப்பு நிற்கும். அதன் பேட்டரி சிறியது, அனுப்பும் திறனும் ரவுட்டரைவிடக் குறைவு. கோடு நிறைந்திருந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ‘அதிக பவர்’ என்று விளம்பரப்படுத்தி விற்கும் ரவுட்டரால் இந்தக் குறை தீராது. ரவுட்டர் எவ்வளவு ஓங்கி அனுப்பினாலும் கைப்பேசியின் பதில் அதே பலவீனத்தோடுதான் திரும்பி வரும்.

நீளமான ஆண்டெனாவை மாட்டினால் போதும் என்பாரும் உண்டு. ஆண்டெனா புதிதாகத் திறனை உண்டாக்குவதில்லை. இருப்பதை ஒரு திசையில் குவிக்கிறது. செங்குத்தாக நிற்கும் ஆண்டெனாவைச் சுற்றி வானலை பரவும் வடிவம் உளுந்து வடையை ஒத்தது: குச்சி நடுத்துளையில் நிற்கிறது, பக்கவாட்டில் எங்கும் பருமன், நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒன்றுமில்லை. கூடுதலாகக் குவிக்கும் ஆண்டெனா அந்த வடையைத் தட்டையாக்கி அகலப்படுத்துகிறது. ஒரே தளத்தில் பரந்து கிடக்கும் வீட்டுக்கு அது நல்லது. ரவுட்டருக்கு நேர் மேலே இருக்கும் மாடியறைக்கு அது கெடுதல். மாடிக்கும் சிக்னல் வேண்டுமென்றால் ஆண்டெனாக்களில் ஒன்றைப் படுக்கைவாட்டில் சாய்த்துவைக்கலாம்.

இனிச் செலவில்லாத வைத்தியத்திலிருந்து தொடங்குவோம். ரவுட்டரின் இடத்தை மாற்றுங்கள். வாசல் சன்னலோரம் மாட்டிய பெட்டி தன் திறனில் பாதியைத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. வீட்டின் நடுப்பகுதியில், தலைக்கு மேல் உயரத்தில், பீரோவுக்கும் டிவிக்கும் பின்னால் ஒளியாமல் அது நிற்க வேண்டும். அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது, அழகுக்காக டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில் தள்ளுவது இரண்டும் கூடாது. சுவரை அலை செங்கோணத்தில் கடந்தால் ஒன்பது அங்குலம். சாய்வாகக் கடந்தால் அதே சுவர் ஒன்றரை அடிகூட ஆகும். வீட்டின் வரைபடத்தில் ரவுட்டரிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் கோடு போட்டுப் பாருங்கள். கோடு சுவரை வெட்டும் இடங்களை எண்ணுங்கள். கதவுத் திறப்புகள் வழியாகக் கோடு போகும்படி ஓர் இடம் கிடைத்தால் அதுதான் சிறந்த இடம். ஃபைபர் இழை வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வரும். கூர்மையாக மடிக்கக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு நிபந்தனை இல்லை. இணைப்புக் கொடுக்க வருபவரிடம் நடுக்கூடம் வரை இழை இழுத்துத் தரும்படி முதல் நாளே கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் பணம் கேட்டாலும் கொடுக்கத் தக்கது அது.

அடுக்ககங்களில் பிரச்சினைக்கு இன்னொரு முகம் உண்டு: அண்டை வீடுகள். வைஃபை கருவிகள் எல்லாம் அனுப்புவதற்குமுன் அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பும். பத்து வீட்டு ரவுட்டர்கள் ஒரே சானலில் இருந்தால் பத்தும் மாறி மாறிக் காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சானல்கள் இருப்பதாகத் தெரிந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே. செயலியில் பார்த்து, கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாறுங்கள். 3, 4, 8 என்று இடைப்பட்ட எண்ணைத் தேர்ந்தெடுப்பது இரு பக்கத்தாரையும் கெடுக்கும். அடுக்ககத்தில் இருப்போர் முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுவது மேல். சுவரைத் தாண்ட முடியாத அதன் பலவீனமே அங்கே பலம்; பக்கத்து வீட்டு அலையும் உங்கள் வீட்டுக்குள் வந்து இடறாது. இன்னொரு சிறு தகவல்: யுஎஸ்பி 3.0 வன்தட்டும் அதன் கம்பியும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கசியவிடும். ரவுட்டரை ஒட்டி அவற்றை வைக்க வேண்டாம்.

வலுக்குறைந்த ஒரு மூலை தன்னோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிக்னல் நன்றாக இருக்கும்போது வைஃபை 6 கருவி ஒவ்வொரு துடிப்பிலும் ஒவ்வொரு துணை அலையிலும் 10 பிட் ஏற்றி அனுப்பும். மங்கும்போது படிப்படியாக இறங்கி 1 பிட்டுக்கு வந்துவிடும். பின் அறையில் –82இல் தொங்கிக்கொண்டிருக்கும் டிவி, அதே படத்தைப் பெறக் கூடத்து டிவியைவிடப் பல மடங்கு நேரம் அலைவரிசையைப் பிடித்துவைத்திருக்கும். அதுவரை மற்றக் கருவிகள் காத்துக் கிடக்கும். ஒரு மூலையின் குறையைத் தீர்த்தால் வீடு முழுவதற்கும் வேகம் கூடும்.

இடம் மாற்றியும் தீராவிட்டால் பலரும் வாங்குவது ரிப்பீட்டர். மலிவு, பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் அது வாங்கியதை அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புவதால் ஒவ்வொரு தகவலும் இருமுறை பயணிக்கிறது, வேகம் பாதியாகிவிடும். சிக்னல் இல்லாத அறையிலேயே அதைச் செருகுவது வழக்கமான பிழை. அதற்கே கிடைக்காததை அது எப்படித் தரும்? ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் பாதி வழியில், –65 அளவுக்குக் கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். மெஷ் என்ற பெயரில் இரண்டு மூன்று பெட்டிகளாக விற்கப்படுபவை மேம்பட்டவைதான். தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை வைத்திருக்கும் ரகம் இன்னும் மேல். ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு நடுவிலும் அதே ஒன்பது அங்குலச் சுவர் நிற்கிறது. கான்கிரீட் தளத்தின் வழியாகப் பேசிக்கொள்ளும் மெஷ் பெட்டிகளுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்து ஏமாந்தவர்கள் ஏராளம். மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் கருவிகளும் உண்டு. மூன்று ஃபேஸ் இணைப்பும் இன்வெர்ட்டர் வயரிங்கும் தனித்தனியே ஓடும் நம் வீடுகளில் ஓர் அறையின் கம்பி அடுத்த அறையின் கம்பியோடு நேரடித் தொடர்பில் இல்லாமல் போகலாம். வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குங்கள்.

என் முடிவு இதுதான்: செங்கல்லும் கான்கிரீட்டுமான வீட்டில் சுவரைத் தாண்டும் வேலையைக் கம்பியிடம் கொடுத்துவிட வேண்டும். வானலைக்கு அறைக்குள் பரவும் வேலை மட்டும் போதும். கேட் 6 கம்பி ஒன்று 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் வேகத்தைக் குறையின்றிக் கொண்டுசெல்லும். அதற்குச் சுவரும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரரின் சானலும் தெரியாது. கடையில் கேட்கும்போது முழுச் செப்புக் கம்பி என்று சொல்லிக் கேளுங்கள். அலுமினியத்தின்மேல் செப்பு பூசிய மலிவு ரகம் எளிதில் ஒடியும், தூரம் கூடினால் தள்ளாடும். முன்பு கேபிள் டிவிக்குப் போட்ட குழாய் இருந்தால் அந்த வழியாகவே இழுத்துவிடலாம். குழாயே இல்லையென்றால் வெளிச்சுவர் வழியாகக் கேசிங் பட்டைக்குள் மாடிக்கு ஏற்றலாம்.

கம்பியின் மறுமுனைக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே பெரும்பாலும் போதும். அதன் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி என்பதை அணைத்துவிடுங்கள். வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் பொறுப்பு முதல் ரவுட்டரிடம் மட்டும் இருக்க வேண்டும். பழையதன் முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றிவிட்டு, கம்பியை இரண்டு பெட்டிகளின் லேன் துளைகளிலும் செருகுங்கள். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரும் ஒரே பாஸ்வேர்டும் கொடுத்து, சானல்களை மட்டும் வேறுபடுத்துங்கள். மாடியேறும்போது கைப்பேசி தானாகவே மேல்பெட்டிக்கு மாறிக்கொள்ளும். சில கைப்பேசிகள் பழைய பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுண்டு. எப்போது மாறுவது என்று தீர்மானிப்பது கைப்பேசிதான். இரண்டு பெட்டிகளின் அனுப்பு திறனையும் சற்றுக் குறைத்துவைத்தால் அது விரைவில் மாறும். திறனைக் கூட்டுவதைவிடக் குறைப்பது பயன் தரும் இடம் இது.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் கட்டப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடித்ததும் எலக்ட்ரீசியன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் குழாய் போட வருவார். அப்போது ஃபைபர் நுழையும் இடத்திலிருந்து நடுக்கூடத்தின் கூரைக்கும், அங்கிருந்து ஒவ்வொரு படுக்கையறைக்கும், மாடிக் கூடத்துக்கும் தனியாக ஒரு இன்ச் குழாய் போடச் சொல்லுங்கள். மின்கம்பி போகும் குழாயோடு இதைச் சேர்க்கக் கூடாது. பாதுகாப்புக்கும் அது ஆகாது, இரைச்சலும் ஏறும். உள்ளே இழுவைக்கு ஒரு நைலான் கயிற்றை மட்டும் விட்டுவைத்தாலும் போதும், கம்பியைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம். வைஃபையின் தரம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், பெட்டிகளும் மாறும். குழாய் வீடு உள்ளவரை இருக்கும். கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் சொன்னால் இதற்கு ஆகும் செலவு சில நூறு அடிக் குழாய்தான். போட்ட பிறகு சொன்னால் சுவரை உடைக்க வேண்டும்.